கிழிக்காமல் விட்ட கடதாசி

மரகதம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் உன்னிச்சைப் பக்கம் ஒரு நெல் வட்டையில் களை பிடுங்கிக்கொண்டு நின்றேன். போன் வரம்பில், சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்து அடித்தது. கையெல்லாம் சேறு. அப்படியே எடுத்துக் காதில் வைத்தால் அக்காவின் தங்கச்சி மகள் சுகி.

“மாமி, பெரியம்மா போயிட்டா. தேத்தண்ணி குடுக்கப் போனன், எழும்பல்ல.”

நான் அழவில்லை. என் வாயில் முதலில் வந்தது, “யாராரு வந்திரிக்காங்க?” என்பதுதான்.

“இனித்தான் மாமி ஆக்களுக்குச் சொல்லணும்.”

“சொல்லு. கண்டலடிச் சனத்தில ஒருத்தரையும் விடாமச் சொல்லு.”

துக்கத்தில் அப்படிச் சொல்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். நான் கோபத்தில் சொன்னேன். மூன்று மாரியாக அக்காவின் வாசலை மிதிக்காத சனம் செத்த பிறகாவது வருகிறதா என்று என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

வந்தீர்கள். எல்லாரும் வந்தீர்கள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகமாக அடிக்கிற இந்தக் கல்வெட்டில் பெரியம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி சுகிதான் கேட்டாள். “ஆனா மாமி, ஒருத்தரையும் ஏசாம எழுதுங்க” என்றும் சொன்னாள். “அப்ப வேற ஆளப் பாரு” என்றேன். “சரி, எழுதுங்க” என்றாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழையை அவள் திருத்தலாம். மற்றதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

கண்டலடியைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பீர்கள். வாவிக்கரையில், கண்டல் மரங்களுக்கும் பட்டணத்து றோட்டுக்கும் நடுவே இருந்த எங்கள் குடியிருப்பு அது. பின்கதவைத் திறந்தால் தோணி. ஆண்கள் விடிய கொண்டுவரும் இறாலைப் பெண்கள் வாசலில் குந்தியிருந்து உடைப்போம். மரகதம் அக்கா தையல்காரி. எங்களில் பாதிப் பேரின் கல்யாணச் சட்டை அவர் தைத்ததுதான். ஒரு காலத்தில் ஏதோ ஒரு நிறுவனம் வந்து சிலருக்குத் தெருநாடகம் பழக்கியது. நிறுவனம் போய்விட்டது. பழகியவர்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் விடவில்லை. தைப்பது வயிற்றுக்கு, ஆடுவது வாய்க்கு என்பார்.

பட்டணத்தை அழகாக்கப் போகிறார்கள், வாவியோரம் நடைபாதை வரப்போகிறது, நாங்கள் இடத்தை விட்டு எழும்ப வேண்டும் என்று அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. ஆண்கள் றோட்டில் நின்று ஏசினார்கள். பெண்கள் கோயிலுக்கு நேர்ந்தார்கள். அக்கா தையல் மேசையில் கடிதத்தை விரித்து, சுருக்கம் நீவி, இரண்டு தரம் வாசித்தார்.

“இத நாம ஒருக்கா ஆடிப் பாப்பம்கா” என்றார்.

“கடிதத்தையா?”

“ஓம். நாளைக்கு மெய்யா வாறத இண்டைக்கு ஆடிப் பாத்தா, நாளைக்கு வாய் அடைக்காது.”

நாடகம் சின்னது. கந்தோர் சேர் ஒரு வீட்டுக்குக் கடதாசியோடு வருவார். வீட்டுக்காரி மாட்டேன் என்பாள். சேர் இனிக்க இனிக்கப் பேசுவார், புது வீடு என்பார், பிள்ளைகளின் எதிர்காலம் என்பார். கடைசியில் அவள் கையொப்பம் வைத்துவிடுவாள். அவ்வளவுதான். பிறகு அக்கா சனத்தைப் பார்த்து, “இப்பிடித்தான் முடியணுமா?” என்று கேட்பார். திரும்பவும் முதலிலிருந்து ஆடுவோம். பார்க்கிற யாரும் எந்த இடத்திலும் “நிப்பாட்டு!” என்று கத்தலாம். கத்தினால் நாடகம் நிற்கும். ஆனால் கத்தியவர் எழுந்து வந்து, வீட்டுக்காரியின் இடத்தில் தானே நின்று, தன் வாயால் பேசிக் காட்ட வேண்டும். அந்தச் சட்டத்தை அக்கா ஒருவருக்கும் தளர்த்தியதில்லை.

வீட்டுக்காரி அக்கா. சேர் நான். ஆண்கள் அந்த வேஷத்துக்குப் பயந்தார்கள். “ரஞ்சிதம், உனக்கு வரும்கா. மனிசரக் கண்டும் காணாதமாதிரி நடப்பாய்தானே” என்று அக்கா என்னைப் பிடித்தார். என் மனிசனின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

முதல் நாளே சின்னத்தம்பி அண்ணன் கரைக்கு ஒட்டி நின்ற தன் தோணியில் இருந்தபடி “நிப்பாட்டு!” என்று கத்தினார். “இந்த மயிராண்டிய நான் பாத்துக்குவன்!”

“கத்திப்போட்டுத் தோணிக்குள்ள இரிக்கேலா அண்ணன். இஞ்ச வாங்க” என்றார் அக்கா.

மனிசன் நனைந்த சாரத்தோடு வந்து நின்றார். நான் கதிரையில் இருந்து, “அண்ணன், உங்களப் போல விசயம் தெரிஞ்ச ஆக்கள் முதல்ல ஒத்துழைச்சாத்தான் மத்தச் சனமும் பாத்துப் படிக்கும்” என்றேன். அவருடைய நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. இன்னும் ரெண்டு வார்த்தை சொன்னேன். பேனையை வாங்கிக் கையொப்பம் வைத்துவிட்டார்! சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மனிசி தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்கா சிரிக்கவில்லை. “பாத்தியளா? எங்கட ஆக்களுக்கு ஏசத் தெரியும். மாட்டன் எண்டு சொல்லத் தெரியா. அதுக்கும் பழகணும், இறால் உடைக்கிற மாதிரி. கை பழகினாத்தான் நகம் போகாது” என்றார்.

பழகினோம். இறால் உடைக்கும்போதே ஒருவருக்கொருவர் சேராக இருந்து மாட்டேன் சொல்லிப் பழகினோம். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் சீத்தைத் துணி கொண்டுவரும் ஒரு நானாகூட ஒருநாள் நாடகத்துக்குள் புகுந்து, நான் என்ன சொன்னாலும் “ஊட்ட கேட்டுச் செல்லுறன் சேர்” என்று வீட்டைச் சாட்டி அதையே சொல்லிச் சொல்லி என்னைக் களைக்க வைத்தார். “யாவாரி எண்டா யாவாரிதான்” என்று அக்கா கை தட்டினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்காவுக்குப் பொய்ச் சாமான் பிடிக்காது. வெறுங்கையை நீட்டிப் பேனை என்று பாவனை செய்தால் ஏசுவார். “பொய்ச் சாமான் வெச்சா சனம் பொய்யாத்தான் கதைக்கும்” என்பார். அதனால் நாடகத்தின் கடதாசி மெய்க் கடதாசி. கந்தோர்க் கடிதத்தில் இருந்த வசனங்களைப் பார்த்து, “எங்கள் முழுச் சம்மதத்துடன் இவ்விடத்தை விட்டு நீங்குகிறோம்” என்று தன் உருண்டை எழுத்தில் அவரே எழுதுவார். பேனை மெய்ப் பேனை. முதல் ஆட்டத்தில் வீட்டுக்காரி கையொப்பம் வைத்ததும் நான் அதே கடதாசியைச் சனத்துக்குள் கொண்டுபோவேன். எப்படி ஏமாறுகிறோம் என்று காட்ட, எல்லாரும் சிரித்துக்கொண்டு சொந்தப் பெயரையே போடுவார்கள். நாடகத்தின் முடிவில் அந்தக் கடதாசியை எல்லாரும் சேர்ந்து துண்டு துண்டாகக் கிழித்து வாவியில் போடுவோம். பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் புதுக் கடதாசி. ஒவ்வொரு முறையும் கிழித்தோம்.

ஒரு முறை தவிர.

மெய்யான சேர் நாடகம் பார்க்க வந்த நாள் அது. கந்தோரிலிருந்து அளக்க வருகிறவர் அவர்தான். எங்கள் வீடுகளில் இருக்கச் சொன்னால், கால்சட்டைப் பையிலிருந்து முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து, விரித்து, கதிரையில் போட்டு அதன் மேல்தான் இருப்பார். மூலையில் நீல நூலில் எழுத்துப் போட்ட வெள்ளை லேஞ்சி. அந்தப் பழக்கத்தை நான் நாடகத்தில் வைத்திருந்தேன். அன்றைக்கு அவர் முன்னாலேயே நான் ஒரு துணியை விரித்துக் கதிரையில் போட்டேன். சனம் அவரைப் பார்த்தது. அவர் கைதட்டிச் சிரித்தார். “அருமையா நடிக்கிறீங்க அம்மா. என்ன மாதிரியே இரிக்கி” என்றார். அந்தச் சொல் எனக்குள் இனிப்பாக இறங்கியது. அதை இன்றைக்கு எழுதும்போது என் முகத்தில் நானே துப்ப வேண்டும் போலிருக்கிறது.

கடதாசி சுற்றி வந்தது. ஒரு பக்கம் நிறையக் கையொப்பம். இரண்டாம் தரம் ஆடத் தொடங்கும்போது மாரியின் முதல் மழை. வாவிக்கு மேலே இரைந்துகொண்டு வந்தது. சனம் ஓடியது. அக்கா தையல் இயந்திரத்தை மூட ஓடினார். நான் கடதாசியோடு நடுவில் நின்றேன். சேர் குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“நனையப் போகுது அம்மா. இதில வைங்க” என்று தன் பைலைத் திறந்து பிடித்தார்.

நான் வைத்தேன்.

இதுதான் நான் எழுத வந்தது. கண்டலடிச் சனமே, அந்தக் கடதாசியைக் கொடுத்தது மரகதம் அக்கா அல்ல. நான். என் கையால், ஒரு மனிசன் என் நடிப்பைப் புகழ்ந்த குளிர்ச்சியில், பிறகு வாங்கிக் கிழிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன். மழை விட்டபோது அவருடைய வாகனம் போய்விட்டது. அவர் இருந்த கதிரையில் அந்த லேஞ்சி மட்டும் நனைந்து கிடந்தது. அவசரத்தில் மறந்துவிட்டார். எடுத்துக் காயவைத்தேன்.

அடுத்த கூட்டம் கந்தோரில். சின்னத்தம்பி அண்ணன் எழுந்து, அக்கா பழக்கியபடியே, சத்தம் போடாமல், “நாங்க எழும்ப மாட்டம் சேர்” என்றார். எவ்வளவு அழகாகச் சொன்னார்! சேர் பைலைத் திறந்து அந்தக் கடதாசியின் போட்டோ பிரதிகளை எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னார். எங்கள் பெயர், எங்கள் கையொப்பம்.

“இது நாடகத்துக்கு வெச்சது சேர்!” என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

“நாடகத்துக்கு யாராவது சொந்தப் பேர் போடுவாங்களா?” என்று கேட்டான். சிரித்துக்கொண்டு கேட்டான்.

இந்த இடத்திலிருந்து அவனை அவன் என்றுதான் எழுதுவேன். சுகி, மாற்றாதே.

யாரோ பின்னாலிருந்து, “இது மரகதத்துட எழுத்து” என்றார்கள். எல்லாத் தலையும் அக்கா பக்கம் கிறுகியது. “மரகதம், நீயா குடுத்தாய்?” நான் வாயைத் திறந்தேன். அக்கா மேசைக்குக் கீழே தன் காலால் என் காலை மிதித்தார். நன்றாக மிதித்தார். பிறகு எழுந்து, “ஓம். நான்தான் எழுதினது” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை உங்களுக்குப் போதுமாக இருந்தது.

பஸ்ஸுக்கு நடந்துபோகும்போது நான் அழுதேன். “ஏன்கா அப்பிடிச் சொன்ன? நான் சொல்லப்போறன்.”

“சொல்லாத. நீ இந்தச் சனத்தோடதான் புது இடத்திலயும் இரிக்கணும். உண்ட பிள்ளைகள் இவங்கட பிள்ளைகளோடதான் விளையாடணும். எனக்குக் குருக்கள்மடத்தில தங்கச்சிட வீடு இரிக்கி.”

“உன்ன ஏசுவாங்ககா.”

“ஏசட்டும். ஏச்சுக்கு ஒரு ஆள் வேணும். கந்தோர ஏசப் பயம், அதுக்கு நான் இரிக்கன்.”

உன்னிச்சை றோட்டில் எங்களுக்கு வீடு கிடைத்தது. தண்ணீர் தெரியாத வீடு. தோணிகள் விறகாகப் போயின. மீன் பிடித்த நாங்கள் அடுத்தவர் வட்டையில் கூலிக்கு நின்றோம். களைக்கும்போதெல்லாம் நீங்கள் அக்காவை ஏசினீர்கள். வித்துப்போட்டாள், எவ்வளவு வாங்கினாளோ, குருக்கள்மடத்தில் குளிரக் குளிர இருக்கிறாள் என்றீர்கள். அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டே ஏசினீர்கள். நான் உங்களோடு ஒரே பானையில் தின்றுகொண்டு “ம்” கொட்டினேன். மூன்று மாரி “ம்” கொட்டினேன். உங்களை நான் மன்னிக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது அக்கா தையல் இயந்திரத்தில் இருந்தார். ஆள் மெலிந்திருந்தார். கதிரையைக் காட்டிவிட்டு, “லேஞ்சி விரிக்காம இருகா” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

“அது உன்னட்ட இரிக்கா?”

“இரிக்கி.”

“கழுவினயா?”

“மழையில நனஞ்சதுதான். நான் கழுவல்ல.”

“கழுவாத. அந்த மனிசண்ட வேர்வை அதில இரிக்கட்டும். மறுகா நாம ஆடக்கொள்ள பொய்ச் சாமான் வெச்சு ஆடேலா.”

“திரும்பவும் ஆடப்போறமா?”

“பின்ன? கிழிக்கிறதுக்கு முன்ன மழை வந்திட்டுது. ஆட்டம் இன்னும் முடியல்ல.” நூலைப் பல்லால் அறுத்தார். “நான் செத்தா அழ வாறவங்கள நல்லாப் பாத்து வைகா. நாடகத்துக்கு ஆள் வேணும்.”

சிலர் செத்தவீட்டில் நின்று, மரகதம் எல்லாரையும் மன்னிச்சுத்தான் போயிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். அவர் யாரையும் மன்னிக்கவில்லை. அவருடைய வாய்க்குள் இல்லாத சொல்லை அதற்குள் வைக்காதீர்கள்.

செத்தவீட்டுக்கு வர நான் உன்னிச்சையிலிருந்து பட்டணம் வந்து, அங்கிருந்து கல்முனை பஸ் ஏறினேன். இடையில் இறங்கி அந்த நடைபாதைக்குப் போய்ப் பார்த்தேன். நான் சமைத்த குசினி இருந்த இடத்தில், ஆட்கள் இருக்க ஒரு கல் வாங்கு. அதில் ஒரு புருசனும் பெண்சாதியும் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு வாவியைப் பார்த்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு அது வாங்கு. காவல்காரரிடம் கேட்டேன், அந்தப் பெரிய சேர் இந்தப் பக்கம் வருவாரா என்று. “ஞாயிறு ஞாயிறு பின்னேரம் குடும்பத்தோட நடக்க வருவார். பிள்ளைகளுக்கு எல்லாம் காட்டுவார்” என்றார். லேஞ்சி விரித்துத்தான் வாங்கில் இருப்பாரா என்று கேட்டேன். அவர் சிரித்து, “உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார். புதுசு ஒன்று வாங்கிவிட்டான் போல.

குருக்கள்மடம் வந்தால், பிரேதப் பெட்டியைக் கட்டிப்பிடித்து எல்லாருக்கும் மேலே கேட்க அழுகிறது பாக்கியம். வீட்டுத்திட்டத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி, அக்காவை முன்னுக்கு நின்று ஏசியவள். “எண்ட ராசாத்தி, என்னோட ஒரு வார்த்த கதைக்காமப் போயிட்டியே!”

நான் பக்கத்தில் இருந்து காதுக்குள் கேட்டேன். “நீ எப்பகா அவவோட கடைசியாக் கதைச்ச?”

அழுகை அந்த இடத்திலேயே நின்றது. பிறகு என்னைப் பார்க்காமல், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கூட்டத்தில, மூணு வருசத்துக்கு முன்ன” என்றாள். பொய் சொல்லவில்லை. அதற்காக உன்னைக் கொஞ்சம் பொறுக்கிறேன் பாக்கியம். கொஞ்சம்தான்.

அக்கா சொன்னபடியே பார்த்து வைத்திருக்கிறேன். அழுத முகம் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும்.

இன்றைக்கு, இந்த முப்பத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இதை நீங்கள் வாசிக்கும்போது சாப்பாடு முடிந்திருக்கும். வெளியே கடப்படி வாசலில் நடைபாதைக்குப் போக ஒரு பஸ் நிற்கிறது. அழுத எல்லாருக்கும் அதில் இடம் இருக்கிறது, நாடகத்திலும் இடம் இருக்கிறது. சின்னத்தம்பி அண்ணன், உங்களுக்கு உங்கள் வேஷம்தான். பாக்கியம், நீ கூட்டத்தில் பின்னாலிருந்து “இது மரகதத்துட எழுத்து” என்று கத்தியவள். அதையே செய்து காட்டு. வராதவர்கள் இந்தக் கல்வெட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். அக்காவின் படம் உங்கள் வீட்டில் தொங்க வேண்டாம்.

மரகதம் அக்காவிடமிருந்து எனக்கு நகை வரவில்லை, தையல் இயந்திரமும் வரவில்லை. அது சுகிக்கு. என்னிடம் இருப்பது அவர் நாடகத்துக்கு வைத்த சட்டம் ஒன்றும், நீல நூல் எழுத்துப் போட்ட, கழுவாத லேஞ்சி ஒன்றும். இன்று பின்னேரம் என் குசினி இருந்த வாங்கில் அதை விரித்து, அதன் மேல் நான் சேராக இருப்பேன். குடை பிடிப்பேன், பைலைத் திறப்பேன், ரஞ்சிதம் என்ற மடைச்சி அதில் கடதாசியை வைத்ததையும் காட்டுவேன். அவனுடைய பிள்ளைகள் பார்க்கட்டும். நடக்க வந்த பட்டணத்துச் சனம் எல்லாம் நின்று பார்க்கட்டும். ஒவ்வொரு ஞாயிறும் ஆடுவோம்.

அவனுக்குப் பொறுக்காவிட்டால் “நிப்பாட்டு!” என்று கத்தலாம். நாங்கள் உடனே நிறுத்துவோம். ஆனால் சட்டம் சட்டம்தான். கத்தினவன் நடுவுக்கு வந்து மரகதம் அக்கா நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அவன் கையில் ஒரு கடதாசி கொடுப்பேன். “இந்தச் சனத்தின் சம்மதத்தை நான் மழைக்குள் களவெடுத்தேன்” என்று என் கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கடதாசி மெய்க் கடதாசி. பேனை மெய்ப் பேனை. சொந்தப் பெயரைப் போடட்டும்.

போட்டால், அந்தக் கடதாசியை இந்த முறை கிழிக்க மாட்டோம். மழை வந்தாலும் ஒருவர் கையிலும் கொடுக்க மாட்டேன்.